பன்னிரண்டாவது கட்டம்

புதுச்சேரிப் பெருமக்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டிய மாபெரும் செய்தி: பதினான்கு ஏக்கர் கிராவல் பள்ளம் ஒன்று மறுபிறவி எடுத்துவிட்டது. மண் மீண்டது, செடி தழைத்தது என்று உலகுக்குச் சான்றளித்தவர் முதுநிலை மண்-தாவர மதிப்பீட்டு நிபுணர் ஜனாப் யாகூப். சான்றளித்த இடம், சாரம் பகுதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி, மின்விசிறிக்கு நேர்கீழே.

பள்ளத்தை அவர் பார்த்ததில்லை. பார்த்து எழுதுவது கற்றுக்குட்டிகள் வேலை என்ற முடிவுக்கு அவர் வந்து வருஷக்கணக்காகிறது. வேறொரு குவாரியின் பழைய அறிக்கையைத் திறந்தார், ஊர்ப் பெயரை மாற்றினார், பன்னிரண்டு கட்டங்களை நிரப்பினார். கட்டம் என்பது ஒரு மீட்டர் சதுரம். தரையில் சட்டத்தை வைத்து உள்ளே முளைத்திருப்பதை எண்ண வேண்டும். பாதியில் அலுத்துப்போய் நான்காம் கட்டத்தையே ஏழுக்கும் பத்துக்கும் ஒட்டினார். பறவை, பூச்சி என்று நீண்ட கடைசிக் கலங்களில் மேலிருந்து கீழ்வரை 'இல்லை' என்று ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

விதி மின்னஞ்சலில் வந்தது. ஆய்வுக் குழு நாளை நேரில் வருகிறதாம். காகிதமும் தரையும் ஒத்துப்போகாவிட்டால் இனி எந்த அறிக்கையிலும் அவர் கையெழுத்துப் போட முடியாது. அந்தக் கையெழுத்தை எடுத்துவிட்டால் யாகூபிடம் மிச்சம் சர்க்கரையும் வழுக்கையும்தான்.

அச்சடித்த அறிக்கையை அட்டையில் செருகிக்கொண்டு, உதவி ஆய்வாளர் பூர்ணிமாவின் ஸ்கூட்டரில் ஏறினார்.

"கொழுஞ்சி எப்டி இருக்கும்னு தெரியுமா சார்?"

"பச்சையா இருக்கும்."

"அப்ப கவலையில்ல."

பள்ளம் பிள்ளைச்சாவடிக்கு மேற்கே கிடந்தது. அது புதுச்சேரியா தமிழ்நாடா என்று தோண்டியவர்களுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் தொழிலே நடந்தது. பூர்ணிமா கரையில் நின்று எல்லையை அளக்க, யாகூப் சட்டத்தோடு இறங்கினார். பதினோரு மணி வெயில்.

பொட்டல் தரையை எதிர்பார்த்துப் போனவருக்குச் செடிகள் காத்திருந்தன. முதல் கட்டத்தில் கொழுஞ்சி பதினொன்று, ஆவாரை மூன்று. காகிதத்தைப் பார்த்தார். கொழுஞ்சி பதினொன்று, ஆவாரை மூன்று. நம்முடைய அனுபவம் வீண்போகவில்லை என்று மார்பு கொஞ்சம் விரிந்தது.

நான்காம் கட்டத்தில் ஒரு எருக்கு. இடப்பக்கம் மூன்றாவது இலை நுனி கிழிந்திருந்தது. ஏழாம் கட்டத்திலும் ஒரு எருக்கு, அதே இடப்பக்கம், அதே மூன்றாவது இலை, அதே கிழிசல். பத்தாம் கட்டத்துக்கு வந்ததும் அவர் இலையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். கிழிந்திருந்தது.

அப்போதுதான் சத்தமே இல்லை என்பது உறைத்தது. காக்கை இல்லை, தும்பி இல்லை. சர்க்கரை இறங்கினால் தின்ன வைத்திருந்த பிஸ்கட்டை நொறுக்கித் தரையில் போட்டுவிட்டுக் குந்தியபடி காத்திருந்தார். ஒரு எறும்புகூட வரவில்லை.

பன்னிரண்டாவது கட்டத்தின் கடைசிக் கலத்தில் விரலை வைத்தார். மனித நடமாட்டம்: இல்லை.

திரும்பிப் பார்த்தார். புழுதி மண்ணில் அவர் நடந்து வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"பூர்ணிமா" என்று கூப்பிட்டார். அவள் அவரை நேராகப் பார்த்தாள். அவரைத் தாண்டியும் பார்த்தாள்.

"எங்க போய்ட்டாரு இந்த மனுஷன்" என்றாள். "ஒண்ணுக்குப் போறதுன்னாகூடச் சொல்லிட்டுப் போமாட்டாரு."

மூச்சிரைக்க மேலே ஏறி அவள் காதருகே கத்தினார். ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினாள். அங்கே ஈயும் இல்லை. கால் மணி நேரம் நிழலில் நின்று பார்த்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

யாகூப் பேனாவைத் திறந்து 'இல்லை'யை அடித்தார். 'ஒருவர்' என்று எழுதினார். தடம் விழுகிறதா என்று காலை ஊன்றிப் பார்த்தார். விழவில்லை. ஏன் என்பது உடனே நினைவுக்கு வந்தது. இரண்டாம் நபரின் இனிஷியல் இல்லாத திருத்தம் செல்லாது. சாரம் ஆபீஸ் சுவரில் அப்படி அச்சடித்து ஒட்டியவர் அவரேதான். அறிவிப்பின் கீழே அவருடைய கையெழுத்து, முழு நீளத்தில்.

அட்டையை அவள் காலடியில் வைத்துவிட்டு விலகினார். அறிக்கை ஆளைத்தான் இல்லை என்றது, அட்டையை அல்ல.

பூர்ணிமா குனிந்து எடுத்தாள். திருத்தத்தைப் படித்தாள்.

"அட்டைய இங்க போட்டுட்டு எங்கயோ போய்ட்டாரு. இதுல இனிஷியல் இல்லன்னா நாளைக்கு என் உயிர எடுப்பாரு" என்று முனகிக்கொண்டு ஓரத்தில் கிறுக்கினாள்.

பள்ளத்தின் அடியிலிருந்து தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பன்னிரண்டாம் கட்டம், பத்து, ஏழு, நான்கு, சரிவு, கரை. அவர் செருப்பின் அடியில் வந்து நின்றன. பூர்ணிமா கை அட்டையிலேயே நின்றுவிட்டது.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க சார்?"

"வண்டிய எடும்மா."

"பறவை, பூச்சியெல்லாம் திருத்த வேணாமா?"

"எடும்மா."

மறுநாள் குழு வந்தது, எண்ணியது, அசந்துபோனது. இவ்வளவு துல்லியமான அறிக்கையைத் தாங்கள் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தது. அவர்கள் கையில் இருந்தது முன்பே மின்னஞ்சலில் போன திருத்தாத நகல். அதில் மனித நடமாட்டம் இல்லை என்று இருந்ததால், முந்தின நாளுக்கு யாகூபுக்கு ஆபீஸில் அரை நாள் லீவு போட்டார்கள்.