பச்சைப் பட்டன்

மோகனப்பிரியா அந்தப் பச்சைப் பட்டனைத் தன் போனில் அமுக்கியது சும்மா ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளத்தான். மதியத்துக்குள் வெங்கடபதி வந்துவிடுவார். வெப்சைட் போட்டு இத்தனை மாசமாச்சு, ஒரு ஈ காக்கா கூப்பிடலை என்று காலையிலேயே போனில் பொரிந்து தள்ளியிருந்தார். அவர் கிரைண்டர் கம்பெனிக்காரர். வந்தால் காட்டுவதற்காக, எத்தனை பேர் சைட்டுக்கு வந்தார்கள், எத்தனை பேர் அதில் இருக்கும் பச்சை வாட்ஸப் பட்டனை அமுக்கினார்கள் என்று ஒரு ரிப்போர்ட் தயார் செய்துகொண்டிருந்தாள். அமுக்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவருக்கு ஏன் ஒரு மெசேஜ்கூடப் போகவில்லை என்பது அவளுக்கே புதிராகத்தான் இருந்தது. போனில் வாட்ஸப் திறந்தது. மேலே வட்டத்துக்குள் வெங்கடபதியின் முகம் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ வேறு ஒருவர். வெள்ளை மீசை, தோளில் துண்டு, மடியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். லட்சுமணசாமி. போன வருஷம் அவருக்கும் இவள்தான் வெப்சைட் செய்து கொடுத்தாள். வெளியே வந்து இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். அவரேதான்.

வெங்கடபதியும் லட்சுமணசாமியும் பங்காளிகள். அப்பாக்கள் அண்ணன் தம்பிகள். ஒரே ஷெட்டில் ஒன்றாகக் கிரைண்டர் செய்துகொண்டிருந்தவர்கள், பாகம் பிரித்ததில் மனஸ்தாபமாகி, இன்றைக்கு எதிரெதிரே வண்டியில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள். ஆபீஸ் முதலாளி அன்புச்செல்வி இரண்டு பேரிடமும் வேலை வாங்கியிருந்தாள். ஒருவருடைய வேலையும் இங்கேதான் நடக்கிறது என்று இன்னொருவரிடம் மூச்சு விட்டதில்லை. இரண்டுமே கிரைண்டர்தானே என்று மோகனப்பிரியா லட்சுமணசாமியின் சைட்டை அப்படியே காப்பி எடுத்து, சிவப்பை நீலமாக்கி, பெயரை மாற்றி, மேலே இருந்த நம்பரை மாற்றி, கீழே இருந்த விலாசத்தையும் மாற்றினாள். எல்லா டிசைனரும் செய்வதுதான். ஆனால் அந்தப் பச்சைப் பட்டன் போனில் பார்த்தால் மட்டும் வரும். அவள் கம்ப்யூட்டரில் பார்த்து, எல்லாம் சரி என்று விட்டுவிட்டாள்.

தல்ஹா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எந்த சைட் முடிந்தாலும், கீழே பேக்கரியில் பப்ஸ் தின்ற எண்ணெய்க் கையோடு, மூன்று வகைப் போனில் ஒரு பட்டன் விடாமல் அமுக்கிப் பார்ப்பதுதான் அவன் வேலை. அமெரிக்காவில் வரியை ஏற்றியதில் திருப்பூர் பனியன் கம்பெனிகள் படுத்தபோது, அவர்களுக்கு கேட்லாக் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த இந்த ஆபீசும் சேர்ந்து படுத்தது. முதலில் அனுப்பப்பட்டவன் தல்ஹா. பட்டன் அமுக்குவதற்கு ஒரு சம்பளமா என்று அப்போது எல்லோருக்குமே தோன்றியது, மோகனப்பிரியாவுக்கும்தான். பிறகு மற்ற நாற்காலிகளும் காலியாகி, கணபதி ஏரியாவில் பேக்கரிக்கு மேல் இருக்கும் அந்த மாடியறையில் இப்போது இவளும் அன்புச்செல்வியும் மட்டும். மாசாமாசம் வேலை தருகிற வாடிக்கையாளர் என்று மிஞ்சியிருப்பதும் வெங்கடபதி ஒருவர்தான். அவர் போய்விட்டால் ஆபீசைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று அன்புச்செல்வி நேற்றுத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"அக்கா, சித்த இங்க வாங்க."

அன்புச்செல்வி எழுந்து வந்து போனைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"எப்பப் புடிச்சு இப்படி இருக்குது?"

"மொதல்ல இருந்தேங்க்கா."

"அட கெரகமே!" தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சட்டென்று குரலை இறக்கினாள். "செரி, உடு. நம்பரை மாத்திப்போடு. அவரு வாரதுக்குள்ள மாத்திப்போட்டு, ஒண்ணும் தெரியாதவளாட்ட உக்காந்துக்க."

"இத்தன நாளா ஒண்ணும் வல்லைன்னு கேட்பாரேக்கா. என்னன்னு சொல்றது?"

"மார்க்கெட் டல்லுன்னு சொல்லு. இன்னிக்கு இந்த ஊர்ல அதைச் சொன்னா நம்பாத ஆளு ஆரு இருக்கறா?"

அதுவும் வாஸ்தவம்தான். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண மண்டபத்தில் எங்கே காது கொடுத்தாலும் அதே பேச்சு. மோகனப்பிரியாவின் கணவன் கிருபாசங்கரை வீட்டில் இரு, ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்று திருப்பூர் கம்பெனியிலிருந்து அனுப்பி வைத்தவர்களும் மார்க்கெட்டைத்தான் சொன்னார்கள். அவன் மேலும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இன்றைக்கும் காலையில் இவளுக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, யாரும் கூப்பிட்டிருக்கிறார்களா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயும் யாராவது எதையாவது காப்பியடித்து மாற்ற மறந்திருப்பார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்திவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பழைய நம்பரை அழித்தாள். புது நம்பரை அடித்தாள். இனி ஏற்றிவிட ஒரு தட்டுத் தட்டினால் போதும். விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. இது போனால் வீட்டில் சம்பளம் என்று ஒன்றுமே இல்லை. தட்டித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கடபதி உள்ளே வந்தார். போனில் கத்திய ஆள் இவர்தானா என்று கேட்கும்படி சாந்தமாக இருந்தார். கையில் பேக்கரிப் பொட்டலம். தேங்காய் பன்னின் சூட்டில் காகிதத்தில் நெய் ஊறியிருந்தது.

"காலைல சத்தம் போட்டுப்போட்டனுங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க." பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வெப்சைட்டு இந்த மாசத்தோட போதுமுங்க. உங்க மேல ஒரு தப்புமில்ல. காலம் அப்படி இருக்குது. ஷெட்டையும் குடுத்தர்லாம்னு முடிவு பண்ணிப்போட்டேன். நாளைக்கு அக்ரிமென்ட்டு."

"ஆமாங்ணா, எல்லாப் பக்கமும் டல்லுதானுங்க" என்றாள் அன்புச்செல்வி. சொல்லிவிட்டு மோகனப்பிரியாவைப் பார்த்தாள். முடித்துவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது.

"எல்லாப் பக்கமும் இல்லீங்களே!" வெங்கடபதி சிரித்தார். நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. "ஷெட்டை வாங்கறது ஆரு தெரியுமுங்களா? என்ற பெரியப்பன் பையன் லட்சுமணன். நானும் அதே கல்லு, அதே மோட்டாருதான் போடறேன். அவனுக்கு மட்டும் மலேசியால இருந்தும் துபாய்ல இருந்தும் கேட்டு வாராங்களாமா. ரெண்டு ஷிப்டு ஓடுதாமா. எடம் பத்தலியாமா. எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப எட்டிப் பாக்காதவன், ஷெட்டை அளந்து பாக்க மட்டும் காரெடுத்துட்டு வந்தானுங்க. நான் உள்ளயே உக்காந்துக்கிட்டேன். கல்லு கொத்தறவங்களுக்கெல்லாம் நேத்தே சொல்லியாச்சு. ஒரு பொம்பளை, இருவது வருசமா இருக்கறவங்க, உளியைக் கழுவித் தொடைச்சு என்ற மேஜை மேல வெச்சுட்டுப் போனாங்க. நான் என்னங்க செய்யறது? அவனவன் ராசி."

ராசியாம். மோகனப்பிரியா தட்டாமல் நிறுத்தி வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டாள். அந்த மனிதர் தன்மேல் ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தால்கூட அவள் அந்த ஒரு தட்டுத் தட்டிப் புது நம்பரை ஏற்றிவிட்டிருப்பாள். தேங்காய் பன்னை வாங்கிக்கொண்டு வந்து மன்னிப்பல்லவா கேட்கிறார். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஷெட் போனது போனதுதான். அதன் பிறகு இந்தப் பட்டனில் எந்த நம்பர் இருந்து யாருக்கு என்ன? அன்புச்செல்வி தன்னை மட்டும் அனுப்பாமல் வைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. உன்னை அனுப்ப மனசு வரலை என்று சொன்ன அக்கா. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தால் பேச வராது என்று தெரிந்தது. அதனால் பார்க்கவில்லை.

"அண்ணா, உங்க போனை எடுங்க" என்றாள். "நம்ம சைட்டைத் தொறந்து, கிரைண்டர் வாங்க வந்த ஆளாட்ட அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கிப் பாருங்க."

"என்ற கடைக்கு நானே போன் போடறதுங்களா?"

"மோகனா" என்றாள் அன்புச்செல்வி மெதுவாக.

"அமுக்குங்கண்ணா."

வெங்கடபதி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடி, நீல நிறத்தில் தன் கம்பெனி பெயர் வந்ததும் லேசாகத் தலையாட்டிக்கொண்டார். பட்டனை அமுக்கினார். வாட்ஸப் திறந்தது. மோகனப்பிரியாவின் போனில் வெறும் நம்பராக வந்தது, அவருடைய போனில் பெயரோடு வந்தது. லட்சுமணண்ணன். அழிக்காமல்தான் வைத்திருந்தார்.

"இதென்னுங்க? இவன் எங்க இங்க வந்தான்?"

"என்ற தப்புங்க." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பேசிக்கொண்டே போனாள். "அவரு சைட்டும் நாந்தான் செஞ்சேன். அதையே எடுத்து உங்களுக்கு மாத்திக் குடுத்தேன். இந்த ஒரு நம்பரை மாத்தாம உட்டுப்போட்டேன். உங்க சைட்டைப் பார்த்துப் போன்ல அமுக்குனவங்க அத்தன பேரும் அவருகிட்டப் போயிட்டாங்க. மார்க்கெட்டும் இல்ல, ராசியும் இல்லீங்க."

அன்புச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெங்கடபதி கத்தவில்லை. கத்துவார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் உடனே மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியலீங்க."

அவர் மறுபடி போனைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பட்டனை அமுக்கியதும் தானாக வருகிற வரி கீழே கட்டத்துக்குள் அனுப்பத் தயாராக நின்றது. வணக்கம், உங்கள் கிரைண்டர் பற்றி விவரம் வேண்டும். அதற்கு மேலே ஒரு பழைய மெசேஜ். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த மோகனப்பிரியாவுக்கும் அது தெரிந்தது. ஆஸ்பத்திரியில சின்னம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது, நான் வரட்டுமா என்று லட்சுமணசாமி கேட்டிருந்தார். அதற்குக் கீழே பதில் இல்லை.

வெங்கடபதியின் கட்டைவிரல் அந்த வரிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அழிக்கப் போகிறாரா, வெளியே வரப் போகிறாரா என்று தெரியவில்லை. பக்கத்து லேத்தில் இரும்பைக் கடையும் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, விரல் அம்புக்குறியின் மேல் பட்டது. வரி மேலே ஏறி, அந்தப் பழைய கேள்விக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு டிக். இரண்டு டிக்.

"அய்யோ" என்றாள் அன்புச்செல்வி.

மேஜையில் பன் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மூன்று பேரும் அந்தச் சின்ன போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு டிக்கும் நீலமாயின. லட்சுமணண்ணன் என்ற பெயருக்குக் கீழே, அவர் எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு அது மறைந்தது. வெங்கடபதி போனைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் எழுத ஆரம்பித்தார் லட்சுமணசாமி.