பாரமில்லாத மெசின்

கொடிகாமத்திலிருந்து சவுந்தரநாயகம் தொலைபேசியில் கேட்டது சின்ன விஷயந்தான். ஆனால் பத்மாவதிக்கு அன்று முழுவதும் அது மனதில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, புல்லு வெட்டுற மெசின் வாங்கேக்கை பாரமில்லாததாப் பாத்து எடுங்கோ. தகடு போட்டது வேண்டாம். நைலோன் நூல் சுத்துறதே காணும்."

"பதினாலு பரப்புக் காணிக்கு நூல் காணுமே?"

"காணும் அக்கா" என்றவன், மேலே கதைக்க இடம் கொடுக்காமல் வைத்துவிட்டான்.

அது பத்மாவதியின் சீதனக் காணி, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. சண்டை முடிந்து காணி திரும்பக் கிடைத்தபோது, ஒன்றுவிட்ட தம்பி சவுந்தரநாயகத்தையும் அவன் மனைவி ஜெகதீஸ்வரியையும் அங்கிருந்த வீட்டில் குடியிருத்தி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அவள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருந்தாள். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். ஓய்வு பெற்றும் அந்தக் குணம் போகவில்லை.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் வள்ளியப்பனின் மெசின் கடைக்குப் போனாள்.

"காணியில என்னங்கம்மா முளைக்குது? புல்லு மட்டுமா, பத்தையுமா?" என்று வள்ளியப்பன் கேட்டார்.

"ஈச்சம் பத்தை, நாயுண்ணி, எல்லாம் கிடந்தது."

"அப்ப நூலு சரிவராதுங்க. தண்டுல பட்டா நூலு அறுந்து போயிரும். அது வீட்டு முத்தத்துல புல்லு வெட்டத்தான். உங்களுக்குத் தகடு போட்ட பெரிய மெசின் வேணும். யாருங்க நூலு போதும்னு சொன்னது?"

பத்மாவதி ஒன்றும் வாங்காமலே பஸ் ஏறினாள்.

வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். முற்றத்துக்கு மட்டும் மெசின் கேட்கிறான் என்றால் மிச்சக் காணி யார் கையில்? அவன் அனுப்பும் படங்களில் காணி துப்பரவாகத்தான் இருக்கும். அவன் மட்டும் ஒன்றிலும் இருக்கமாட்டான். எப்போது எடுத்தாலும் ஜெகதிதான் கதைப்பாள். "அவர் வெளியிலை போயிட்டார் மச்சாள்." போன மாதம் ஊருக்குப் போய்வந்த ஊர்க்காரர் நாகேந்திரமும் சந்தையில் கண்டபோது சொன்னார்: "காணி வடிவாத்தான் கிடக்கு பிள்ளை. ஆனா உம்மடை தம்பியைத்தான் வெளியிலை காணக் கிடைக்கேல்லை."

துப்பரவாக்குவது அவன் இல்லையென்றால் யார்? குத்தகைக்குக் கொடுத்துவிட்டானா? அன்று பின்னேரமே நாகேந்திரத்தைக் கூப்பிட்டு, காணி பார்க்க நம்பிக்கையான வேறு ஆள் கிடைக்குமா என்று விசாரித்து வைத்தாள். பிறகு சவுந்தரநாயகத்திடம், "நீயே வந்து பாத்து எடு. நான் கண்டதை வாங்கிப்போட்டுப் பிறகு பேச்சுக் கேக்கேலாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். வெயில் எறிக்கத் தொடங்கியும் சவுந்தரநாயகம் முழுக்கைச் சட்டையோடு இருந்தான். வலக்கை காற்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. தேநீர்க் கோப்பையை இடக்கையால் வாங்கினான். ஜெகதி அவனுக்கு முன்னால் முன்னால் வந்து கதைத்தாள். பத்மாவதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் வரும், கடையில் வைத்துப் பிடிப்போம் என்று நினைத்தாள்.

கடையில் அவளே முந்திக்கொண்டாள். "அந்தப் பெரிசை இவருக்குக் கொழுவிக் காட்டுங்கோ."

"இல்லை மச்சாள், அது..." என்று ஜெகதி தடுப்பதற்குள் வள்ளியப்பன் பட்டியைச் சவுந்தரநாயகத்தின் தோளில் மாட்டிவிட்டார். "ரெண்டு கையாலயும் புடிங்க தம்பி."

இடக்கை பிடித்தது. பையிலிருந்து வந்த வலக்கை அரைவாசி எழுந்து நின்றது. விரல்கள் பிடியைத் தொட்டும் மடியவில்லை. மெசின் ஒரு பக்கம் சரிந்தது. ஜெகதி பாய்ந்து தாங்கியிராவிட்டால் அவனும் சேர்ந்து விழுந்திருப்பான்.

வள்ளியப்பன் பட்டியை அவன் தோளிலிருந்து கழற்றினார்.

"பாரிசவாதம் மச்சாள்" என்றாள் ஜெகதி. "போன வருசம் மாசியிலை. கால் சரிவந்திட்டுது. கைதான் வரேல்லை."

"ஒண்டரை வருசமா? அப்ப காணியை ஆர் பாத்தது?"

"நான்தான். கத்தியாலை வெட்டி, மண்வெட்டியாலை செருக்கி. இப்ப எனக்கும் முதுகு ஏலாது. அதுதான் மெசின் கேட்டனாங்கள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

ஜெகதி நிலத்தைப் பார்த்தாள். "சொன்னா வேறை ஆளைப் போடுவியள் எண்டு பயம். எங்களுக்குப் போக வேறை இடம் இல்லை."

அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்லப் பத்மாவதிக்கு வாய் வரவில்லை. செய்யத் தொடங்கிவிட்டது அவளுக்குத்தானே தெரியும். வள்ளியப்பனின் பக்கம் திரும்பி, "பெரிசை எடுத்து வையுங்கோ. இவவுக்கு ஏத்ததைக் காட்டுங்கோ" என்றாள்.

"ஆனா பத்தை இருக்குன்னு சொன்னீங்களே அம்மா?"

"பத்தையெல்லாம் வேரோடை கிண்டிப்போட்டன் ஐயா" என்றாள் ஜெகதி. "இப்ப புல்லு மட்டுந்தான். கிணத்தடியிலை கல்லு கனக்க. தகடு கல்லிலை அடிச்சா எனக்குப் பயம்."

வள்ளியப்பன் முதன்முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார். பட்டரியில் ஓடுகிற ஒன்றைக் காட்டினார். காணியின் அடிவரை போய்வர ஒரு சார்ஜ் போதாது என்று ஜெகதி அதை வைத்துவிட்டாள். இன்னொன்றின் பிடி அவளுடைய உயரத்துக்குச் சரிவரவில்லை. கடைசியில், ஐந்து கிலோவுக்கும் குறைந்த பெற்றோல் மெசின் ஒன்றைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோளில் மாட்டி, கயிற்றை இழுத்தாள். மெசின் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. மதிலோரப் புல்லில் ஒரு வட்டம் அடித்தாள். சவுந்தரநாயகம் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் பதிச்சுப் பிடி" என்று இடக்கையால் காட்டிக்கொண்டிருந்தான்.

பத்மாவதி கல்லுத் தெறித்துப் படாமல் கண்ணுக்குப் போடும் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து வாங்கினாள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"வேறை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூலையிலை ரெண்டு ஆடு கட்டியிருக்கிறம் அக்கா" என்றான் சவுந்தரநாயகம்.

"ஆடு நிக்கேக்கை புல்லு வெட்ட என்னத்துக்கு மெசின்?"

"ரெண்டு ஆடு பதினாலு பரப்பையும் திண்டு முடிக்குமே மச்சாள்?" என்றாள் ஜெகதி.

பத்மாவதி சிரித்துவிட்டாள். ஆனாலும் ஆட்டோவில் ஏறியதும், ஆடு இரண்டுதானா என்று இன்னொரு தரம் கேட்டாள்.