பச்சைக் கட்டம்

காணாமல்போன ஒரு மனிதரின் விலை ஐந்து லட்சம். அரசாங்கம் சொன்ன விலை, பேரத்துக்கு இடமில்லை.

அந்த இழப்பீட்டுக்கான படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கட்டக்காரர் தம் அக்கா வீட்டுக்குப் போனார். அமைச்சகத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். மனித உரிமை பற்றி உலக நாடுகளின் சபையில் நாடு கொடுத்த வாக்குறுதிகள் நூற்று அறுபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு, நிறைவேறியதற்குப் பச்சையும் மற்றதற்குச் சிவப்பும் அடிப்பது அவர் வேலை. பச்சை அடித்தே பழகிய கை. நாற்பத்து மூன்றாவது மட்டும் சிவப்பிலேயே நின்றது: விசாரணைக்கென்று போலீஸ் அழைத்துப் போய்த் திரும்பாத பன்னிரண்டு பேரைப் பற்றிய புகார்கள். பதினொரு கோப்புகள் முடிந்துவிட்டன. பன்னிரண்டாவது, அக்காவின் கணவர்.

அக்கா படிவத்தை இரண்டு தரம் படித்தாள்.

"உங்க மாமா எங்கன்னு சொல்ல இதுல ஒரு கட்டம்கூட இல்லையேடா. நீதான் கட்டம் போடறதுல கெட்டிக்காரனாச்சே."

"பிள்ளைங்க படிப்பு இருக்குக்கா. வாங்கிக்கோ."

"வாங்கினா, அவர் இல்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. முதல்ல அவங்க வாயத் திறக்கட்டும்."

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்: பணம் வேண்டாம். என் கணவர் எங்கே?

அவருக்கு உள்ளூர நிம்மதி. ஒரு கட்டமாவது சிவப்பாகச் சபைக்குப் போகும். யாராவது ஏனென்று கேட்பார்கள்.

"என்னய்யா, அக்கா சம்மதிச்சாங்களா?" என்றார் மறுநாள் அமைச்சகத்தில் மேலதிகாரி.

"இல்ல சார். வேண்டாம்னு எழுதியே குடுத்துட்டாங்க."

அதிகாரியின் முகம் தெளிந்தது. "எழுதிக் குடுத்தாச்சா? அப்புறம் என்ன? மனுதாரர் பதில் என்னவா இருந்தாலும், வந்துட்டா கோப்பு முடிஞ்சது. நீர் எழுதின விதிதானேய்யா?"

அவர் எழுதியதுதான். மூன்று வருஷத்துக்கு முன், கோப்புகள் மலையாகக் குவிந்தபோது, சுமை குறையட்டுமென்று சேர்த்து, அவரே மறந்துபோன ஒரு வரி. அதற்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அப்போது மாமா வீட்டில் இருந்தார்.

அக்கா எழுதிக் கொடுத்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தாயிற்று. அதிகாரி கையை நீட்டினார், இவர் படிவத்தைக் கொடுத்தார். பிறகு தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, நாற்பத்து மூன்றைப் பச்சையாக்கினார்.

புகார்கள் பன்னிரண்டு. முடிந்தவை பன்னிரண்டு. நிலுவை பூஜ்யம். வீடு திரும்பியவர்களும் பூஜ்யம்; அதற்கு மட்டும் அவர் கட்டமே போட்டிருக்கவில்லை.