பேட்டரி தீராத வீடு

அவள் கணவனுக்கு ஒரு காலத்தில் வாய் ஓயாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளன். கிளட்சையும் பிரேக்கையும் விளக்குவதற்கு நடுவில் உலகத்துக் கதையெல்லாம் சொல்லி முடித்துவிடுவான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. "இதை நிறுத்த வீட்டுல எந்த பட்டனை அமுக்குவீங்கக்கா?" என்று ஒரு பெண் அவளிடமே கேட்டிருக்கிறாள்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவன் காதுகளையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போனது. பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல், பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மாணவியை வண்டியைத் திருப்பச் சொன்னான். மயிரிழையில் தப்பினார்கள். அன்றே டிரைவிங் பள்ளிக்காரர்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் அவள் கத்திப் பேசினாள். அப்புறம் ஒன்றையே இரண்டு மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவன் முகம் சுருங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் காட்டினாலே போதும் என்று ஆகிவிட்டது. தட்டு வைத்தால் சாப்பாடு, விளக்கை அணைத்தால் தூக்கம்.

அவள் வேலை பார்த்தது காது கேட்கும் கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில். புதிதாகச் செய்துகொண்டிருந்த கருவியில் இரண்டு பகுதிகள். பேசுகிறவர் கழுத்தில் ஒரு மைக், கேட்கிறவர் காதுக்குள் ஒரு ரிசீவர். இடையில் வயர் கிடையாது. காதுக்குள் வைக்கிற பேட்டரி ஒரு பட்டாணி அளவுதான் இருக்க முடியும். அது பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோனது. காரணத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். பேச்சைக் கேட்பதற்கு ஆகிற மின்சாரத்தைவிட, பேச்சு வருமா வருமா என்று ரிசீவர் சும்மா காத்திருப்பதற்குத்தான் அதிகம் செலவானது.

"ஆள் வராத கடையில எதுக்கு சார் விளக்கு எரியணும்?" என்றாள் மேலாளரிடம். "ரிசீவரைத் தூங்க விடுவோம். அப்பப்ப கண்ணைத் தொறந்து, மைக் கூப்பிடுதான்னு பாத்துட்டு மறுபடி தூங்கட்டும். ரொம்ப நேரம் யாரும் பேசலைன்னா இன்னும் நீளமாத் தூங்கட்டும்."

மேலாளருக்குப் பிடித்துப்போனது. அவளே அதற்கு நிரல் எழுதினாள். அலுவலகத்தில் வீட்டில் காது மந்தமானவர்கள் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு ஜோடி எடுத்துப்போய்ச் சோதிப்பதென்று முடிவாயிற்று. அவளும் ஒன்றைக் கொண்டுபோனாள். கணவன் ஒன்றும் கேட்காமல் காதில் செருகிக்கொண்டான். அவள் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சோதிப்பவர்கள் ஒவ்வொருவராகப் புது பேட்டரி கேட்டு வந்தார்கள். இரட்டைக் குழந்தைகள் உள்ள கணக்காளர்தான் முதலில் வந்தார். அவள் வீட்டு பேட்டரி மட்டும் அசையவே இல்லை. அடுத்த வாரமும் ஓடியது.

"உங்க வீட்டுதுதாம்மா டாப்பு!" என்றார் மேலாளர்.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வீட்டுக்குப் போனதும் தன் காதைத் தொட்டு, கழற்றுவதுபோல் சைகை காட்டினாள்.

"கழட்டலையே. குளிக்கறப்ப மட்டும்தான்" என்றான்.

மைக்தான் பழுது என்று நினைத்து மறுநாள் அதை அலுவலக மேஜையில் பிரித்துப் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மைக் பழுது என்று சொல்வதானால், அதில் அவள் ஒரு தடவையாவது பேசியிருக்க வேண்டும்.

மேலாளர் அறைக்குப் போய், தன் வீட்டு முடிவைச் சேர்க்க வேண்டாம் என்றாள்.

"ஏம்மா, கருவி கோளாறா?"

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். நாங்க பேசிக்கறதில்ல."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நிறைய வீடு அப்படித்தாம்மா இருக்கும். அவங்களும் இதை வாங்குவாங்கல்ல? இருக்கட்டும், எடுக்க வேணாம்."

அன்று மாலை அவள் கைப்பையைக்கூடக் கழற்றி வைக்காமல் கணவனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவள் கழுத்தில் மறுபடி மாட்டியிருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"உங்க வேலை போனப்ப நான் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லலை. கத்திக் கத்தி அலுத்துப்போய் பேச்சையே விட்டுட்டேன். அதை நெனச்சா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

ரிசீவர் நீளத் தூக்கத்தில் இருந்தது. அது விழித்துக்கொள்வதற்குள் முன்னால் சொன்னதெல்லாம் போய்விட்டது. அவன் காதில் விழுந்தது கடைசி மூன்று வார்த்தைகள்தான்.

கையிலிருந்த சட்டையை அவன் நிதானமாக மடித்து முடித்தான்.

"தெரியும். உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றான். "அக்கா அவ ஊருக்குக் கூப்பிட்டுட்டே இருக்கா. அங்க ஒரு பட்டறையில கணக்கு பாக்க ஆள் வேணுமாம். வரேன்னு போன வாரமே எழுதிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

"ஐயோ, நான் சொன்னது அது இல்லைங்க!"

இந்தத் தடவை அவனுக்குக் கேட்டது. அவன் காதில் விழாமல் போனதையெல்லாம் அவள் மறுபடி சொன்னாள். முதலில் ஏன் கேட்காமல் போனது என்பதையும், அந்த நீளத் தூக்கத்தை எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் முகத்தை அவன் அவ்வளவு நேரம் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"நல்லாக் கேக்குது" என்றான் கடைசியில். கொஞ்சம் தயங்கினான். "ஆனா போய்ட்டு வரேன். இந்த வீட்டுல உக்காந்து உக்காந்து எனக்கு மூச்சு முட்டுது. நீ நல்லாப் பேசினாலும் முட்டும்."

அவன் மடித்து வைத்த துணிகளை அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

அந்த வார இறுதியில் அவனை பஸ் ஏற்றிவிட்டாள். கருவியைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று மேலாளர் சொல்லிவிட்டதால் மைக்கையும் அவனிடமே கொடுத்தனுப்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவன், டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்த விதத்தைப் பார்த்து, "இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் குடுத்தா?" என்றான். அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

அதன்பின் அவள் நிரலைத் திறந்து, நீளத் தூக்கம் என்ற பகுதியை அடியோடு நீக்கினாள். பேட்டரி ஓடும் நேரம் குறைந்தது. விளம்பரத்துக்குச் சொல்லிவைத்த கணக்கு பாழாகிவிட்டதாக மேலாளர் ஒரு கூட்டம் முழுக்கக் கடிந்துகொண்டார். முதல் வார்த்தை போகக்கூடாது சார் என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொல்லவில்லை. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்த மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அவனால் போனில் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அக்காதான் எடுப்பாள்.

"நல்லா இருக்கான். பட்டறையில எல்லாருக்கும் கதை சொல்லிட்டிருக்கான்."

"எப்ப வரேன்னு ஏதாவது சொன்னாரா அண்ணி?"

"கேக்கலைம்மா. நீயும் அவசரப்படாத."

சரி என்று சொல்லிவிட்டு, அண்ணி வைக்கும்வரை அவள் போனைக் காதிலேயே வைத்திருப்பாள்.