காணாமல் போன பாலம்

அந்த நவம்பரில் அடையாறிலிருந்து திருப்போரூருக்குச் சைக்கிளில் கிளம்பிய பதினோரு பேரில் ஜெயபாரதி ஒருத்திதான் பெண். ராயப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த துரைராஜ்தான் வழிகாட்டி. அவருக்கு அடுத்து அவள். கேளம்பாக்கம் தாண்டியதும் சாலையின் குறுக்கே மழைத்தண்ணீர் ஓடியது.

“முழங்கால் தண்ணிதாம்மா. என் பின்னாலயே வா,” என்று அவர் சைக்கிளை உள்ளே விட்டார்.

கண்ணெதிரே ஆளும் சைக்கிளும் தண்ணீருக்குள் மறைந்துபோயின. பிரேக் பிடிக்க நேரமில்லாமல் அவள் தண்ணீரின் ஓரத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

சற்றுத் தள்ளி அவர் தலை மேலே வந்தது. “யாரும் வராதீங்க. பாலத்தையே காணோம், தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சு.”

துண்டுகளை முடிந்து வீசி அவரை இழுத்தார்கள். சைக்கிள் போயே போய்விட்டது.

திரும்பும்போது அவர் அவளுடைய கேரியரில் உட்கார்ந்தார். அடையாறு வரை அவள்தான் மிதித்தாள். அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் ராயப்பேட்டைக்கு நடக்கத் தொடங்கினார்.