கொடியில் வளர்ந்த சட்டை

“சட்டை வளந்திருக்கு.”

“ஏட்டி, பனியன் துணின்னா சுருங்கத்தான் செய்யும். வளருமா?”

வீரபாண்டியில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலில் இசக்கிமுத்து அன்று சிரித்தது ஜோதிகாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. துணி பிற்பாடு சுருங்காதபடி ஆவியில் இறுக்கும் மிஷினில் வேலை செய்பவன், அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் சட்டை வளர்ந்துதான் இருந்தது. பிறந்த குழந்தை அளவில் தைத்து, கழுத்துத் தையல் கோணியதால் கம்பெனியில் ஒதுக்கிய உருப்படி அது. செக்கிங்கில் இருந்த ஜோதிகா ஏழாம் மாத வயிற்றோடு ஆசையாகக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வந்தது. பிடித்து வைத்த டிரம்மில் கொசு நுழையாதிருக்க இசக்கிமுத்து கம்பெனி வேஸ்ட் துணியைக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினான். பனியன் துணி அல்லவா, நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டது. தொட்ட இடத்தில் உள்ளங்கையளவு நீர் மேலேறித் தேங்கியது. கொசு உள்ளே போகத் தேவையே இருக்கவில்லை. துணியின் மேலேயே பெருகியது. ஜோதிகாவுக்கு டெங்கு கண்டது. அவள் நினைவில்லாமல் கிடந்தபோது குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கண் விழித்தபோது இசக்கிமுத்து நகக்கண்ணில் மண்ணோடு நின்றிருந்தான். பையன் என்று மட்டும் சொன்னான். அவள் ஒன்று கேட்க வாயெடுத்தாள்; அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் கொடியில் கிடந்த சட்டை வளரத் தொடங்கியது. பையன் தவழ்ந்திருக்க வேண்டிய பருவத்தில் அதன் மார்பில் செம்மண் படிந்தது. பல் முளைக்கும் பருவத்தில் கழுத்து எச்சிலில் ஊறியிருந்தது. ஜோதிகா துவைத்துத் துவைத்துப் போட்டாள். பயந்துபோன இசக்கிமுத்து ஒருநாள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் மிஷினில் விட்டான். திரும்பி வந்தபோது ஒரு விரற்கடை கூடியிருந்தது. அதன்பின் அவன் அந்தக் கொடிப்பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டிரம்மில் கொசுப்புழு பார்க்க வரும் பெண்கள் சட்டைக்குக் கீழே குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். கொடியில் இடம் போதவில்லை என்பதுதான் வீட்டுக்காரம்மா சின்னாத்தாளின் ஒரே குறை.

வருடங்கள் போயின. இந்த ஜூனில் சின்னாத்தாள் கேலியாகச் சொன்னாளா, மறந்துபோய்ச் சொன்னாளா தெரியவில்லை.

“பள்ளிக்கோடத்துல சேர்த்தற வயசாயிருச்சு கண்ணு. இன்னுங் கொடியிலயே போட்டு வெச்சிருந்தா எப்படி?”

ஜோதிகா சட்டையை எடுத்தாள். ஏற்றுமதிக்கு மடிப்பதுபோலக் கைகளைப் பின்னால் மடித்து, நீவி, சோற்றுத் தட்டின் முன்னிருந்த புருஷனிடம் கொண்டுபோனாள். பிசைந்த கை அப்படியே நின்றது.

“ஏங்க, அவன எங்க வச்சீங்க? என்னையக் கூட்டிட்டுப் போங்க. சட்டை அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்.”