கமலவேணி பெயரில் ஒரு சோளம்

மக்காச்சோளத்துக்கு வரும் இலைக்கருகலைத் தாங்கும் ரகம் கண்டுபிடிப்பது அரிகிருஷ்ணனின் உத்தியோகம். அதற்கு முதலில் பயிருக்கு நோயைக் கொடுக்க வேண்டும். போன வருடம் கருகிய இலைகளைக் காயவைத்துப் பொடித்து, ஒவ்வொரு செடியின் குருத்திலும் ஒரு சிட்டிகை போடுவார்கள். பாத்தி ஓரத்தில், நோய் கட்டாயம் பிடிக்கிற ரகம் ஒரு வரிசை நிற்கும். அது கருகினால்தான் சோதனை செல்லும்.

அரிகிருஷ்ணன் விவசாயி வீட்டுப் பிள்ளை. நன்றாக நிற்கிற பயிரைக் கெடுக்க அவனுக்குக் கை வரவில்லை. ஆட்டுக்கு இரக்கப்படுகிற கசாப்புக்காரன் போல, காய்ச்சல்காரன் கஞ்சிக்கு உப்புப் போடுகிற அளவில் தூவினான். சிக்கனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அந்த ஐப்பசியில் அவன் சோதித்த புது ரகம் மாசுமருவில்லாமல் நின்றது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ரகத்துக்கு உன் பெயர்தான் என்று மனைவி கமலவேணியிடம் சொன்னான். அவள் அவர்கள் குடியிருந்த உப்பளம் தெருக்குழாயிலிருந்து பெரிய மார்க்கெட் பூக்காரிகள்வரை சொல்லி முடித்தாள். அவன் தடுத்திருக்கலாம், கேட்க இனித்தது, விட்டுவிட்டான்.

பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முந்தின மாலைதான் மேதைக்கு ஓர வரிசையைப் பார்க்கத் தோன்றியது. அதுவும் பச்சைப்பசேலென்று சிரித்தது. அவன் தூவிய அளவுக்கு நோயே வரவில்லை. வராத நோயைத்தான் அவன் ரகம் தாங்கியிருக்கிறது.

ஓர வரிசையைப் பிடுங்கி எறிந்தால் யாருக்கும் தெரியாது. குந்தி உட்கார்ந்து ஒரு தண்டைப் பிடித்தும் விட்டான். தடுத்தது நேர்மை என்று சொன்னால் பொய். நாளைக்கு இதை நம்பி விதைக்கிறவர்கள், 'கமலவேணி கருகிப்போச்சு' என்று ஊர் ஊராய்ப் பேசுவது காதில் கேட்டது. கை தானாகத் தண்டை விட்டது.

மறுநாள் அதிகாரியிடம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தான். அவர் சிரிக்கவில்லை; அடுத்த வருடம் ஒழுங்காகச் செய் என்று ஜீப்பேறிப் போனார். அது சுலபமான பாதி. வீட்டுக்கு வந்து நடந்ததை மூன்று தடவை ஆரம்பித்துத்தான் சொல்லி முடித்தான். கமலவேணி வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்ற வருத்தம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"அடுத்த வருசம் பொடிய கை நெறைய அள்ளிப் போடுங்க," என்றாள் கடைசியில். "தாங்கிச்சின்னா எம்பேரு வைங்க. கருகிச்சின்னா உங்க பேரு."